திரைக்கு வெளியே போன சிவப்புப் பட்டை

சேவியரின் இடது பாதம் போனதற்குக் காரணம் நான். அவரல்ல. உங்களைத் தவிர வேறு எவரிடமும் இதைச் சொன்னதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் திங்கள்தோறும் ஸ்லைடு போட்டுக் காட்டுவேன். போன வருடம் வகுப்பறைக்கு அகலமான டிவி ஒன்று வந்தது. என் ஸ்லைடுகளோ பழைய சதுர வாக்கில் செய்தவை. இரு பக்கமும் கறுப்பு விழுந்தது. இவ்வளவு பெரிய டிவியை வாங்கிப் பாதியை இருட்டாக வைப்பதா என்று மேலாளர் முகம் சுளித்தார்.

அளவை மாற்றினேன். முழுப் படமும் அடங்கச் சுருக்கட்டுமா, திரை நிறையப் பெரிதாக்கட்டுமா என்று கணினி கேட்டது... கேட்கத்தான் செய்தது! பெரிதாக்கு என்றேன். முதல் பத்து ஸ்லைடைப் பார்த்தேன், ஜோராக இருந்தது. மீதி முப்பதைப் பார்க்கவில்லை. ஏன்? சாப்பாட்டு நேரம். அவ்வளவுதான்!

இருபத்திரண்டாவது ஸ்லைடில், தண்டவாளத்தில் நகரும் கிரேனின் படம். அதன் அடியில், தண்டவாளத்தை ஒட்டி, ‘இங்கே நிற்காதே’ என்ற சிவப்புப் பட்டை. பெரிதாக்கியதில் அந்த அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது. மிஞ்சியவை கிரேனும் அதன் நிழலும். வகுப்பில் நான் திரையைப் பார்ப்பதே இல்லை, எல்லாம் மனப்பாடம். சிவப்பு உள்ள இடத்தில் நிற்காதீர்கள் என்று ஒப்பித்துவிட்டு அடுத்ததைத் தட்டினேன்.

சேவியர் ஆலந்தலைக்காரர், என்னைவிட மூத்தவர். சேர்ந்த இரண்டாம் வாரம், வெயில் தாளாமல் அந்த நிழலில் ஒதுங்கினார். தரையில் பூசியிருந்த சிவப்புப் பட்டை, நிலக்கரித் தூசியில் மூடிக் கிடந்தது. கிரேன் நகர்ந்தது...

விசாரணைக்கு முன்தினம் ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் பட்டையையே காணோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அளவு மாற்றுவதற்கு முந்தைய பழைய ஸ்லைடை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்! சேவியர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

“படத்துல இருக்கத்தான் செய்யுது சார். எம் மண்டையிலதான் நிக்கல.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்தேன். இப்போது சொன்னால் மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும்... எப்படிச் சொல்வேன்? யாரிடம் சொல்வேன்?

ஸ்லைடை உடனே திருத்திவிட்டேன். இரு பக்கமும் கறுப்பு. மேலாளர் இப்போது முகம் சுளிப்பதில்லை. சேவியருக்கு நிறுவனம் வேறு வேலை கொடுத்திருக்கிறது. என்ன வேலை? என் வகுப்பில் பேசுவது! திங்கள்தோறும் செயற்கைப் பாதத்தோடு மெல்ல நடந்து வருகிறார். இருபத்திரண்டாவது ஸ்லைடை நான்தான் போட வேண்டும். சிவப்புப் பட்டையில் விரல் வைத்து, புதியவர்களிடம் சொல்கிறார்:

“இத எனக்கும் காட்டுனாவ. சார் மேல குத்தமில்ல. நாந்தான் மறந்துட்டேன்.”

பிறகு அடுத்ததைப் போடச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். போடுகிறேன்.