மந்திரி முகத்தைப் பற்றி நான் சொன்னது

அந்த வீடியோவை எடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் தெரியாது. அதனால் யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. மந்திரியின் பெயரும் வேண்டாம். கல்வி மந்திரி, அது போதும்.

அப்போது நான் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். எங்கள் மகளிர் குழு கிச்சடி சமைக்கும். நானும் இன்னொருத்தியும் அதைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் தட்டில் போடுவோம். அவள் என்னைவிட இருபது வயது இளையவள், வாயாடி. நான் பேச மாட்டேன். எனக்கு முன்பல் இரண்டும் தூக்கல். தாராவியிலேயே ஐந்தாவது வரை படித்தேன். அந்த ஐந்து வருஷமும் என்னைத் தேங்காய்த்துருவி என்றுதான் கூப்பிட்டார்கள். அன்று பிடித்த பழக்கம், வாயைத் திறக்க வேண்டி வந்தால் முந்தானையால் மூடிக்கொள்வேன்.

அந்த வருஷம் எல்லோருக்குமே மந்திரிமேல் கடுப்பு. பரீட்சைத் தேதியை மாற்றினார், திரும்பவும் மாற்றினார். பிள்ளைகள் குறைவாக இருக்கிற பள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கப் போகிறோம் என்றார். சேர்ப்பது என்றால் மூடுவது என்று எங்களுக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்தும் ஏழாம் வகுப்புக்குத் தமிழில் கணக்குப் புத்தகம் வரவில்லை. கணக்குக்கு இருந்தது ஒரே ஒரு டீச்சர். வருஷா வருஷம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற வேலை அவருடையது. யாரோ கொடுத்த பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பலகை நிறைய எழுதிப் போடுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நான் கிச்சடி போடும்போதுகூட சிலதுகள் இடது கையால் தட்டை நீட்டிக்கொண்டு வலது கையால் எழுதும்.

இப்படி இருக்கும்போது பள்ளி வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். மந்திரிக்குப் பிறந்தநாளாம். முகம் மட்டுமே ஓர் ஆள் உயரத்துக்கு மேல்.

அன்றைக்கு அதன்முன்னால் நின்றது நாங்கள் நான்கு பேர். நானும் என் கூட்டாளியும், பிள்ளைகளைக் கூப்பிட வந்த இரண்டு தாய்மார்களும். எங்களுக்குப் பின்னால் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

“தலைல அடிச்சிருக்கது டையா, இல்ல ரோட்டுல ஊத்துற தாரா? வெயில்ல உருகி நெத்தில வடிஞ்சிருக்கே” என்றாள் ஒரு தாய்.

“மீசையப் பாருட்டி. ரெண்டு கம்பளிப்பூச்சி சண்ட போட்டு அசந்து படுத்த மாதிரி இருக்கு” என்றாள் மற்றவள்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்தாளு சிரிக்காரா, இல்ல பல்லு வலிக்கா?” என்றாள் என் கூட்டாளி.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. முந்தானைக்குள்ளிருந்து நானும் சொல்லிவிட்டேன்.

“பாத்திரம் கொள்ளாமப் பொங்குன இட்லி மாவு மாதிரில்லா இருக்கு மூஞ்சி. இவ்ளோ பெரிய மூஞ்ச அடிக்க மெஷின் இருக்கு, பிள்ளையளுக்குக் கணக்குப் புஸ்தகம் அடிக்க மெஷின் இல்லியாக்கும்?”

“யெக்கா! ஒங்களுக்குப் பேச வருமா!” என்று கூட்டாளி என் தோளில் அடித்தாள். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மூன்று நாள் கழித்து அவளே தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். இருமி முடிக்கிற நேரம்கூட ஓடாத வீடியோ. பேனர், அதன்முன் நானும் ஓரத்தில் பாதி பாதியாக மற்றவர்களும், பிறகு என் குரல். இட்லி மாவு வரை வந்தது, அதோடு வெட்டியிருந்தார்கள். மெஷின் பேச்சு இல்லை. கீழே நான் சொன்னதற்கு இந்தியில் அர்த்தம் எழுதியிருந்தது. மான்குர்த்தில் இருக்கிற அவள் நாத்தனார் அனுப்பினாளாம். செம்பூரில் எல்லார் போனிலும் ஓடுகிறதாம்.

“யாருக்கா எடுத்திருப்பா?” என்று கேட்டாள்.

நான் பேசியது தமிழ். தமிழ் தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மராட்டிக்காரர், அவர் எடுத்திருந்தாலும் எழுதியிருக்க முடியாது. அப்படியென்றால் எங்களில் ஒருத்தி, இல்லாவிட்டால் எங்களில் ஒருத்தியிடமிருந்து வாங்கிய யாரோ. கூட்டாளி இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், இந்தி என்றால் விரல் பறக்கும். யார் எடுத்தது என்று முதலில் கேட்டதும் அவள்தான். எடுத்தவள்தானே முதலில் கேட்பாள்? அந்த இரண்டு தாய்மார்களும் மறுநாளிலிருந்து பின்பக்க வாசலுக்குப் போய்விட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம்? குழாயடியில் நான் போய் நின்றதும் பேச்சு நின்ற மாதிரி இருந்தது. ஒருவேளை எப்போதும் அப்படித்தானோ, நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லையோ. அவர்கள் என்னையே சந்தேகப்படுகிறார்களோ என்றும் தோன்றியது.

ஆனால் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த வீடியோவில் நான் வாயை மூடியிருக்கிறேன், மற்றவர்கள் ஓரத்தில் தோளும் முதுகுமாகத்தான் தெரிகிறார்கள், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றே சொல்ல முடியாது. பின்னால் வரிசை, வரிசை என்று கத்திக்கொண்டிருந்த டீச்சரின் வாய்தான் திறந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அவர் சொன்ன மாதிரியேதான் இருக்கும். பள்ளி வாசலில் நின்று மந்திரியைக் கேவலமாகப் பேசியதற்காக ஏன் காண்ட்ராக்டை முடிக்கக் கூடாது என்று கேட்டு அவருக்குக் காகிதம் வந்துவிட்டது.

டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார். “அம்மா, அன்னைக்கு யார் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் பிள்ளைங்ககிட்ட கத்திட்டு இருந்தேன்.”

கையில் கரண்டி. மற்றக் கையால் முந்தானையை இழுத்து வாயை மூடினேன். “கவனிக்கலியே டீச்சர்.”

அவர் என் முந்தானையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். தெரிந்துதான் கேட்டாரோ?

“பேசாமக் கெடங்கக்கா. நீங்க சொன்னா ஒங்க வேலயோட என் வேலயும் போவும். இந்த வம்பு, லஃப்டா எல்லாம் நமக்கு வேண்டாம்” என்றாள் கூட்டாளி.

“அப்ப டீச்சரு?”

“அவங்க படிச்சவங்க. வேற எடம் கிடைக்கும்.”

“ஏழாங்கிளாஸுக்கு?”

அவள் அண்டாவைக் கழுவப் போய்விட்டாள். அந்த டீச்சர் போனால் தமிழில் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத வகுப்பை மூட மந்திரியே வரவேண்டாம், தானாக மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் என்னை அரித்தது. பல்லை வைத்துக் கேலி செய்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்த நான்தான் அந்த ஆள் மூஞ்சியைப் பேசினேன். பேசி என்ன கிடைத்தது? வீடியோவைப் பார்த்தவர்கள் மூஞ்சிக்குச் சிரித்தார்கள். புத்தகத்தைப் பற்றி ஒருவர் கேட்கவில்லை. அந்த மந்திரி பார்த்திருந்தாலும் அவருக்குக் கோபம்தான் வந்திருக்கும். வெட்கப்பட வேண்டிய வாக்கியத்தை வெட்டி எடுத்துவிட்டார்களே.

விசாரணைக்கு டீச்சரை மாட்டுங்கா பக்கம் ஓர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் நடந்தே போனேன். பெஞ்சில் இருந்த டீச்சர் என்னைப் பார்த்து எழுந்தார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள், பின்னாலேயே நானும் நுழைந்துவிட்டேன்.

“சாஹேப், வோ ஆவாஸ் மேரா ஹை” என்றேன். அந்தக் குரல் என்னுடையது என்று சொல்ல எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

அதிகாரி என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர். “பழியை ஏற்றுக்கொள்ள ஒரு கிழவியைக் கூட்டிவந்தாயா?” என்று டீச்சரிடம் இந்தியில் கேட்டார். டீச்சர் இல்லை என்றதை நம்பவில்லை. தன் போனில் வீடியோவை ஓட்டினார். பிறகு என்னிடம், “வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு இங்கே சொல்லுங்கள், அம்மா” என்றார்.

எடுத்தேன். முன்பின் தெரியாத ஆம்பளை முன்னால் பல் தெரிய நின்று இட்லி மாவைச் சொன்னேன். உடம்பெல்லாம் கூசியது. அவர் தலையாட்டிவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. மெஷினையும் சொன்னேன்.

“அது என்ன? வீடியோவில் இல்லையே?”

டீச்சர் மராட்டியில் சொன்னார். எனக்கு அது முழுதாகப் புரியாது. இரண்டு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கணித் என்று வந்தது. புஸ்தக் என்றும் வந்தது. அதிகாரி போனைக் கவிழ்த்து வைத்தார்.

டீச்சர் வேலைக்குத் திரும்பலாம். நான் நாளையிலிருந்து பரிமாற வரக்கூடாது, குழு வேறு ஆளை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் முடிவு. ஒரு காகிதத்தில் மராட்டியில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் தள்ளினார்.

“என்ன எழுதிருக்கு டீச்சர்?”

“நீங்கதான் பேசினீங்கன்னும், மந்திரியோட முகத்தைக் கேலி பண்ணதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்கன்னும் இருக்கும்மா.”

“புஸ்தகம்?”

“அது இல்ல.”

“அது தேவையில்லை” என்றார் அதிகாரி, இந்தியில்.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் தமிழில் எழுதினேன். முகத்தைச் சொன்னது தப்பு, புத்தகம் வரவில்லை என்று சொன்னது தப்பு இல்லை. ஐந்தாம் வகுப்பு எழுத்து, ஒவ்வொன்றும் சுண்டைக்காய் பருமன். அவர் என்ன என்று கேட்டார். மன்னிப்பு என்றேன். பாதி உண்மை. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி ஃபைலில் வைத்து மூடினார்.

வெளியே வந்ததும் டீச்சர், “நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

“பெறகு ஏன் சொல்லல?”

“நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்.”

உண்மையாக இருக்கலாம். அப்போது தோன்றியதைச் சொல்லியும் இருக்கலாம். நான் மேலே கேட்கவில்லை. மத்தியானம் ஏழாம் வகுப்பு இருக்கிறது என்று அவர் எட்டி நடந்தார். என்னால் அந்த வேகத்துக்குப் போக முடியவில்லை. நீங்க போங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு மெதுவாக வந்தேன்.