விரிசலின் மேல் ஒட்டிய காகிதம்

முதல் காகிதம் கிழிய மூன்று மாதம் ஆயிற்று. இரண்டாவது ஐந்து வாரம் தாங்கியது. மூன்றாவது ஒன்பதே நாள்.

ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. தேதி எழுத வரும். பழைய நாள்காட்டித் தாளை விரல் அகலத்துக்குக் கத்தரித்து, மைதா பசை தடவி, பாடகர் குழு நிற்கும் பால்கனியின் உத்தரம் சுவரோடு சேருகிற இடத்தில், விரிசலுக்குக் குறுக்கே ஒட்டுவாள். மூலையில் பென்சிலால் தேதி. விரிசல் சும்மா கிடந்தால் காகிதமும் சும்மா கிடக்கும். அது வாய் திறந்தால் காகிதம் கிழியும். காகிதத்துக்கு விசுவாசமும் கிடையாது, அவிசுவாசமும் கிடையாது.

பாடகர் குழுப் பிள்ளைகள் அவளுக்கு 'பிளாஸ்திரி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழுவில் அவளுடைய மகளும் உண்டு.

"என்னக்கா, சுவத்துக்குக் காயமா?"

"காயந்தான். உள்காயம். சிரிங்க, சிரிங்க. மேல நின்னு மட்டும் குதிக்காதீங்க."

ஆலய வேலைக்கு வருமுன் பதினெட்டு வருடம் கட்டட வேலையில் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்தவள். காகிதம் ஒட்டிப் பார்ப்பது அங்கே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டது. அங்கேயே ஒரு மாடிப்படியின் அடியில் இப்படி ஒரு விரிசலைப் பார்த்தாள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று வாயை மூடிக்கொண்டாள். மறுவாரம் அந்தப் படி விழுந்ததில், அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். மாலையோடு வந்த ஒப்பந்தக்காரர் 'கடவுள் சித்தம்' என்றார். படிக்குள் போடவேண்டிய கம்பியைத் திருடியது யார் சித்தம் என்று கேட்க அன்று நாதியில்லை.

அன்றுமுதல் அவள் ஜெபத்தில் கேட்டது ஒன்றுதான், ஞானம். முழங்காலில் நின்று ஞானம் கேட்பாள். எழுந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு போய்க் காகிதத்தைப் பார்ப்பாள். ஜெபித்தவர்கள் அந்த ஆலயத்தில் நிறைய. எழுந்து போய்ப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இருபது பேருக்காகக் கட்டிய பால்கனி அது. சபைச் செயலாளர் இரண்டு வருடம் முன்பு, தன் தகப்பனார் நினைவாக, அதன்மேல் கான்கிரீட் படிகள் போட்டு, கல் பதித்து, பீரோ உயரத்துக்கு நான்கு ஒலிபெருக்கிகளை ஏற்றினார். தகப்பனார் பெயரைப் பளிங்கில் வெட்டிச் சுவரிலும் பதித்தார். இப்போது அதன்மேல் ஐம்பது பேர் நின்று பாடுகிறார்கள்.

மூன்றாவது காகிதத்தை அவள் கமிட்டிக் கூட்டத்துக்கே எடுத்துப்போனாள்.

"பூச்சு வெடிப்பும்மா இது. வெள்ளையடிச்சா போயிடும்," என்றார் செயலாளர்.

"வெள்ளையடிச்சா நமக்குத்தான் தெரியாம போகும் ஐயா."

"உனக்கு விசுவாசம் பத்தாது. ஆண்டவர் தாங்குவார்."

"ஆண்டவர் தாங்குவார் ஐயா. உத்தரம் தாங்கணுமே."

யாரோ சிரித்தார்கள். செயலாளரின் முகம் கறுத்தது. "இதெல்லாம் உலக ஞானம்," என்றார். தகப்பன் பெயரைப் பளிங்கில் வெட்டிக்கொள்வது எந்த உலகத்து ஞானம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போதகர் நல்லவர், சண்டை என்றால் ஒதுங்கிப்போகிற நல்லவர். "சமாதானமா போவோம். ஞாயித்துக்கிழமை ஐம்பதாவது ஆண்டு ஆராதனை முடியட்டும், அப்புறம் இன்ஜினியரைக் கூப்பிடலாம்," என்றார். அநியாயம் ஊருக்குள் வரும்போது பெரும்பாலும் சமாதானத்தின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை நான்காவது காகிதம் ஒட்டினாள். ஞாயிறு காலை அது இரண்டாகத் தொங்கியது. இடைவெளியில் அவளுடைய சுண்டுவிரல் நுழைந்தது.

காகிதத்தை உரித்தெடுத்துக்கொண்டு இறங்கி, பால்கனிக்கு ஏறும் படியின் கதவைப் பூட்டி, அதன் முன்னால் நின்றுகொண்டாள். பாடகர்கள் வந்து குவிந்தார்கள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "அம்மா, மானத்தை வாங்காதே. கதவைத் திற."

"திட்டு. முதல்ல இதைப் பாத்துட்டுத் திட்டு."

மகள் காகிதத்தைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். திட்டவில்லை. "நான் கீழயே நின்னு பாடுறேன்," என்றாள். காகிதம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவராக முன்பக்கம் நகர்ந்தார்கள். பால்கனிக்கு அடியில் உட்கார்ந்திருந்த குடும்பங்களும் எழுந்து முன்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தன.

செயலாளரிடம் மாற்றுச் சாவி இருந்தது. "ஒரு கூட்டுறவளுக்குப் பயந்து ஒரு சபையே நடுங்குதா? நான் போய் உக்காருறேன். விழுதான்னு பாருங்க!" என்று தனியாக மேலே ஏறி, முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார்.

ஆராதனை தொடங்கியது. யாருடைய கண்ணும் போதகர்மேல் இல்லை. முதல் பாட்டின் நடுவில், சுவரோரமாக மாவு சலித்ததுபோல் மெல்லிய தூசி இறங்கியது. சாமரம்போல் அது வெளிச்சத்தில் ஆடி நின்றது. செயலாளரும் அதைப் பார்த்தார். கட்டிய கை அவிழ்ந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. இருநூறு பேர் பார்க்க எப்படி இறங்குவது?

அவரைக் கீழே இறக்க, 'வீட்டிலிருந்து போன்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவள் பொய் சொல்லவில்லை. நடுப்பாதையில் வந்து நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, உங்களைக் கேக்காம கதவைப் பூட்டினது என் தப்பு. எல்லார் முன்னாடியும் திட்டணும்னா கீழ வந்து திட்டுங்க. கேட்டுக்குறேன்."

அந்த மனிதருடைய வீம்புக்கு இறங்கிவர ஏணி வைத்தாள் அவள். அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போதே தொடங்கிவிட்டார்.

"உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது? நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்!"

"சரிங்க ஐயா. இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க."

"எனக்கே நீ..."

மேலே ஏதோ நெட்டி முறித்தது. காய்ந்த மரக்கிளையை யாரோ முழங்காலில் வைத்து ஒடித்தாற்போல ஒரே சத்தம். ஒலிபெருக்கிகளில் ஒன்று சுவரை விட்டு முன்பக்கம் சாய்ந்தது. செயலாளரின் வாய் திறந்தபடியே நின்றது.

"பின்வாசல் வேணாம், அது பால்கனிக்குக் கீழ இருக்கு," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "பக்கவாசல். குழந்தைங்க முதல்ல. யாரும் ஓடாதீங்க."

கடைசியாக வெளியே வந்தவர் போதகர். முற்றத்தில் இருநூறு பேரும் ஆலயத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"விழுந்துடுமாம்மா?" என்று போதகர் கேட்டார்.

"தெரியாதுங்க. யாரும் உள்ள போகாம பாத்துக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பக்கவாசல் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். போதகர் சற்றுத் தயங்கி, அங்கியை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது சீக்கிரம் நிற்கவில்லை.