சீக்குக்கு ஒளிந்து வந்த கோழிகள்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் கோழிச்சீக்கு வந்துவிட்டால், மிச்சமிருக்கும் கோழிகளைக் கூடையில் போட்டு மூடி, பஸ் ஏறி, வேற்றூர்ச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். கோழி தப்பிக்கிறதாம். கோழியோடு சீக்கும் சேர்ந்து பஸ் ஏறுகிறது என்று சொன்னால் ஒருத்தர் காதிலும் விழாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதுகளின் கடைசியில் செட்டியார்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்த்தேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில். வீட்டில் நானும் மாமியாரும்தான். ஒரு சோப்பு வாங்கக்கூட மாமியாரிடம் கையேந்த வேண்டும். முட்டை விழுந்தால் அந்தத் தொல்லை தீரும் என்றுதான் அவ்வளவு பாடும் பட்டேன். குஞ்சுகளுக்குப் பல்பு கட்டிச் சூடு காட்டினேன். ராஜபாளையத்து மில்களில் கழித்த சாக்கை வாங்கி வெயிலுக்குத் தொங்கவிட்டேன். தரையில் பரப்பிய கடலைத்தோல் நனைந்தால் அன்றைக்கே அள்ளி மாற்றுவேன். வாசலில் சுண்ணாம்புத்தூள் கொட்டி, அதை மிதிக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டேன்.

"கோயில்ல கூட இம்புட்டு ஆசாரம் இல்ல" என்று மாமியார் நொடிப்பார். நொடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோழிகளுக்குக் கொண்டை சிவக்க ஆரம்பித்தது. அதுதான் முட்டைக்கு அடையாளம். இறக்கையில் போடும் தடுப்பூசி மட்டும் பாக்கி. மருந்து வரட்டும், பொறவு வா என்று மாட்டாஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கிருஷ்ணன்கோவிலிலிருந்து வீட்டுக்காரரின் அக்கா கூடையோடு வந்து இறங்கினார்.

"எங்க தெருவெல்லாம் சீக்கு. கொஞ்ச நாளைக்கு இங்கன கெடக்கட்டும்."

"கோவிச்சுக்கிடாதீக மதினி, திரும்பக் கொண்டு போயிருங்க. என் கோழிக்கு ஒட்டிக்கிடும்" என்றேன்.

மதினி மூக்கைச் சிந்தினார். "பாத்தியாம்மா, என் கோழிக்கே இங்க எடமில்ல. நாளைக்கு எனக்கு இருக்குமா?"

"பொறந்த வீட்டுக்கு வந்தவள வாசல்ல நிறுத்துதியே ஏட்டி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார் மாமியார்.

தவிடு வாங்கப் போய்த் திரும்புவதற்குள், மதினியின் நாலு நாட்டுக்கோழிகளும் என் கொட்டகைக்குள் என் தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று அப்போதே கண்ணை மூடித் தூங்கி விழுந்தது. நாலையும் பிடித்து வெளியே கொண்டுவந்து கூடையால் கவிழ்த்துப் போட்டேன். என்ன பிரயோசனம்?

வாரம் திரும்புவதற்குள் என் கோழிகள் பச்சைப் பச்சையாகக் கழிந்தன. கழுத்து திருகிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. தினமும் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். கடைசியில் கொட்டகையில் ஒரு கோழி இல்லை. ஒற்றை முட்டை கூட நான் கண்ணால் பார்க்கவில்லை. மாமியாரோ தெருவில் உட்கார்ந்து, "ராசியில்லாத கை, அவ என்ன செய்வா" என்று எனக்குப் பரிந்து பேசினார். அந்தப் பரிவைக் கேட்கத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மதினியின் கோழியில் மட்டும் ஒன்று பிழைத்துக்கொண்டது. சீக்கு அடங்கியதும் அதை வாங்கிப் போக வந்தார். என் கோழிகள் செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்கட்டி என் கோழி?"

"தாரேன் மதினி. உசுரோட தர மாட்டேன். பொழச்ச கோழி சீக்கச் சுமந்துக்கிட்டுத்தான் திரியும். இன்னொருத்தி கொட்டகை காலியாக வேண்டாம்."

சொன்னபடியே அதன் கழுத்தைத் திருகி, என் கோழிகளைப் போட்ட குழியிலேயே புதைத்தேன். தடுக்க வந்த மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

என் கொட்டகைக் கோழி அத்தனையும் செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாமியார், அந்த ஒற்றைக் கோழிக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.