அதற்கு மேல் வேண்டாம்

ஒரகடத்தில் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் என் கைவேலைதான். வெயிலில் சில நாள் தொங்கிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போகிற வேலை. ஊரே பார்க்கிற மாதிரி ஒரு பிராண்டாவது என் கையால் உருவாக வேண்டும் என்று ஆசை. வெறி என்றே சொல்லலாம்.

அதனால், மணிமங்கலத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிற அக்கா பாக்கெட் டிசைன் கேட்டபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆனால் தண்டலம் பக்கம் காலேஜ் முடித்த ஒரு பெண்ணிடமும் அவர் கேட்டிருந்தார். இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்.

என் டிசைனில் ஆவி பறக்கும் இட்லி, ஆட்டுக்கல் முன்னால் சிரிக்கிற ஒரு அம்மா, 'கையால் அரைத்தது' என்று தங்க எழுத்து. அந்தப் பெண் கொண்டுவந்தது வெறும் வெள்ளை பாக்கெட். எந்தக் கிழமை, எந்த ஷிஃப்டில் அரைத்தது என்று முத்திரை குத்த ஒரு கட்டம். ஃபேக்டரிகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நேரம் ஷிஃப்டில்தானே ஓடுகிறது. கீழே, 'முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம். அதற்கு மேல் வேண்டாம்.'

வாய்விட்டே சிரித்தேன். விற்கிற பொருளின் மேலேயே வேண்டாம் என்று யாராவது எழுதுவார்களா?

அக்கா என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தம்பி, மெஷின்ல அரைக்கிறத கையால அரைச்சதுன்னு போட்டுகிறே. யாராவது வூட்டாண்ட வந்து பாத்தா என் மானம் போவாதா?"

வேலை அவளுக்குப் போனது. கிளம்பும்போது, "ஏதாவது வேலைன்னா சொல்லுங்க சார்" என்று தன் நம்பரை வேறு கொடுத்தாள். வயிறு எரிந்தது.

அதன்பிறகு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினால் ஷேர் ஆட்டோ முதுகிலெல்லாம் அந்த வெள்ளை பாக்கெட் படம். உள்ளே உட்கார்ந்தால், வேலை முடிந்த பெண்கள், "செகண்ட் ஷிஃப்ட் மாவு கேட்டு வாங்குடி, அதான் நாளைக்கு நல்லாருக்கும்" என்று பேசிக்கொள்கிறார்கள். என் பேனரைப் பற்றி இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை, செத்தவர் வீட்டில்கூட.

கெடு தாண்டிய பாக்கெட் ஒன்று சிக்காதா என்று கடை கடையாகப் பார்த்தேன். ஒரு நாள் மாலை, மளிகைக்கடை ஃப்ரிட்ஜ் ஓரத்துக் கூடையில் சிக்கியது. அக்காவுக்குப் படம் அனுப்பச் சந்தோஷமாகப் போனை எடுத்தேன்.

"சார், அத்த எடுக்காதீங்க," என்றார் கடைக்காரர். "நாள் தாண்டிப்போச்சு. காலைல அவங்களே வந்து எடுத்துகினு போவாங்க. வேற தரேன்."

போனைப் பையில் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பேனர் கடை சார்தானே? இந்த பாக்கெட்டு நீங்க போட்டதா? சூப்பரா கீது சார்."

எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி! ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டேன். அவர் எடுத்து நீட்டிய புது பாக்கெட்டில் அந்தக் கிழமை முத்திரை தெரிந்தது.

"நான் இல்லீங்க. தண்டலத்துப் பொண்ணு ஒண்ணு போட்டது."

"அப்படியா? நம்பர் கீதா சார்? நம்ம கடைக்கும் ஒரு போர்டு போடணும்."

என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடை. கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. சரியாகத்தான் சொன்னேன். வீடு போய்ச் சேரும்வரை அதற்காகவும் அவள்மேல் எரிச்சலாக இருந்தது.