பி சைடு, மூன்றாவது பாட்டு

போன வாரம், பதிவு செய்த சிலிண்டர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அலையவிட்டுக் கடைசியில் காத்திருக்கச் சொல்லி ஓர் இசையைப் போட்டார்கள். டிசம்பர் இல்லையா, கிறிஸ்துமஸ் பாட்டு. பொம்மைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வெறும் மெட்டுதான். நானும் கூடவே ஏதோ முனகிக்கொண்டு நின்றிருக்கிறேன். திடீரென்று ஒரு பெண், “சொல்லுங்க மேடம்” என்றாள். எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துவிட்டது. “ஒண்ணுமில்லமா” என்று வைத்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் உட்கார்ந்து “சொல்லுங்க” என்று கேட்டவள் நான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர் வேலை. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பர் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டுக் கடைக்காரர்கள் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் போடுகிற டிரங்க் கால்களே பாதி நாளைத் தின்றுவிடும். சூடான பேக்கலைட் பிளாஸ்டிக் வாசனையும், காதில் மாட்டுகிற ஹெட்செட்டில் முந்தின ஷிப்டுக்காரி வைத்த மல்லிகைப்பூ வாசனையுமாக இருக்கும் அந்த அறை.

எனக்குப் பக்கத்து இருக்கைக்கு வயலட் வந்தாள். நாசரேத்துக்காரி. அந்த ஊர் பைபிளில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். திருச்செந்தூர் ரயிலில் போனால் இறங்கலாம் என்று அவள் சொல்லித்தான் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் கூட்டிவந்தேன். தறியில் இருந்த அம்மா பேரைக் கேட்டுவிட்டு, “வயலட்டா? அது சாயத்து பேராச்சே. கலரு பேரப் போயி பொண்ணுக்கு வெப்பாங்களா?” என்றாள். வயலட் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அவளிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் கேசட்டுகள்தான். ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பாடுகிறார்களே, யாருமே திட்ட மாட்டார்களா என்று எனக்கு ஆச்சரியம். வயலட் என் தோளை அழுத்தி, “மேல போறத விட்ருட்டி. அடியில ஒண்ணு போகுது பாரு, அதப் புடி” என்பாள். அதற்குப் பெயர் ஆல்டோ. இப்போது அது கார். ஒரு மாதம் முயன்று பிடித்தேன். அவள் மேலே, நான் கீழே. அந்த இரண்டு குரல்களும் சேர்ந்தபோது என் உடம்புக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

அதில் ஒரு சங்கடம், எனக்குக் கீழே போகிற வரி மட்டும்தான் தெரியும். தனியாகப் பாடினால் அது பாட்டு மாதிரியே இருக்காது. அடுக்களையில் முனகினால் அம்மா, “இன்னாடி, அழுவுறியா?” என்பாள்.

இரண்டு வருஷத்தில் வயலட்டுக்கு அவள் ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. ஆனால் நாங்கள் ஆபரேட்டர்கள் இல்லையா? மத்தியானம் டிரங்க் கால்கள் ஓய்ந்திருக்கிற நேரத்தில் அவளே லைனில் வருவாள். “ஏட்டி, புது கேசட்டு வாங்கிட்டேன். பச்ச அட்ட, நட்சத்திரம் போட்டிருக்கும். பி சைடு, மூணாவது பாட்டு. படிச்சு வையி.” அதே கேசட்டை நான் இங்கே தேடி வாங்குவேன். வாரம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டு அடிவரியைப் பொறுக்குவேன். அப்புறம் ஒரு மத்தியானம், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவள் மேலே பாட, நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு கீழே பாடுவேன். மூன்று நிமிஷம். ஒருமுறை சூபர்வைசர் அம்மா லைனை ஒட்டுக்கேட்டுவிட்டு, “யாரோ வீட்டுல சாவு போலிருக்குது, சீக்கிரம் கனெக்‌ஷன் குடுங்கமா” என்றார்.

பிறகு எஸ்.டி.டி. வந்தது. எல்லோரும் தாங்களே சுழற்றிப் பேசிக்கொண்டார்கள். நாங்கள் இணைப்புக் கொடுத்த போர்டுகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். என்னை பில் பிரிவில் உட்கார வைத்தார்கள். வயலட் கொஞ்ச நாள் கடிதம் போட்டாள். பிறகு பிள்ளைகள், மாமியார், நின்றுபோனது. நான் மட்டும் கேசட் வாங்குவதை நிறுத்தவில்லை. என்றைக்காவது கேட்டால் தெரியாமல் முழிக்கக் கூடாதே! அம்மா போன பிறகு, கேட்பாரில்லாத வீட்டில் சத்தமாகவே பழகினேன். நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தது.

எட்டு வருஷம் முன்பு ஒருநாள் போன். “ஏட்டி, மகளுக்குப் பட்டு எடுக்க வாரோம்.” பெஞ்சின்மேல் கேசட்டுகளை வருஷவாரியாக அடுக்கினேன். வடை சுட்டேன். சம்பந்தி வீட்டாரோடு வேனில் வந்தவள், ஐந்தாறு கடை ஏறி இறங்கிவிட்டு சாயங்காலம்தான் என் வீட்டுக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது. பெஞ்சைப் பார்த்ததும், “இதெல்லாம் இன்னுமா வச்சிருக்க? எங்க வீட்ல பூசணம் புடிச்சிட்டுன்னு தூக்கிப் போட்டாச்சே” என்றாள்.

பச்சை அட்டையைப் போட்டேன். பாட்டு ஏறுகிற இடத்தில் அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். மெல்லிய தழும்பு. “தைராய்டு ஆபரேஷன். மேல எட்டாது இப்ப. நீ பாடு, நான் கேக்கேன்.”

பாடினேன். சம்பந்தியம்மாள் வடையை வாயருகே வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வயலட் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் சரணத்துக்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். வாசலில் என் கையை விடாமல், “இத்தன வருஷமும் தனியாவா பாடுன?” என்று கேட்டாள். “சும்மா பொழுதுபோக்குக்கு” என்றேன்.

இப்போது எத்தனை மணி நேரம் பேசினாலும் காசில்லை. நடுவில் ஆபரேட்டரும் வேண்டாம். ஆனாலும் நாங்கள் பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மினுமினுக்கும் மணி படம் அனுப்புவாள். ஒரு வருஷம் நான் பாடியே அனுப்பினேன். கைகூப்புகிற படம் ஒன்று வந்தது.

கேசட் வாங்கிய கடையைச் சொல்லவே இல்லையே. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாய் ஒருவர் வைத்திருந்தார். சுவர் முழுக்க சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும். வருஷா வருஷம் இதையே கேட்பதால் என்னைக் கிறிஸ்தவள் என்றே முடிவு செய்துவிட்டார். நெற்றி நிறைய விபூதியோடு நிற்பேன். “சிஸ்டர், உங்களுது வந்துட்டுது” என்று மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஹேப்பி கிறிஸ்துமஸ்” என்பார். திருத்த மனசு வரவில்லை, நானும் அதையே திருப்பிச் சொல்வேன். கேசட் வருவது நின்ற பிறகும் இரண்டு டிசம்பர் சென்னைக்கு ஆள் அனுப்பித் தேடி வாங்கி வைத்திருந்தார். பிறகு மகனோடு ஆம்பூர் போய்விட்டார்.

அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். டிசம்பரில் அந்த வழியாகப் போனால் இப்போதும் கால் அங்கே நின்றுவிடுகிறது. உள்ளேயிருந்து, “இன்னா மாடல்மா?” என்று கேட்பார்கள். எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, இன்னும் வரக்காணோமே என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க இந்த ஊரில் இப்போது யாருமில்லை.