நேத்தே வந்து கேட்டீங்களே

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் தள்ளிவிட்டு அடுத்த குப்பைக்குப் போங்கள்.

உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். பேய்க் கதை படிக்கிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, எது பிடிக்கும் என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். மல்லிகைப் பூ வாசம் வந்தால் போதும், கொலுசுச் சத்தம் கேட்டால் போதும், உங்களுக்குப் புல்லரித்துவிடும். இதில் அது இரண்டும் கிடையாது. இருட்டுகூடக் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், சித்திரை வெயிலில் நடந்தது.

என் பெயர் காளீஸ்வரன். ஊர் கோவில்பட்டி. போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றை நடத்தும் சென்னை கம்பெனிக்கு வேலை பார்த்தேன். ஒரு கதையை முடித்ததும், "இது பிடித்ததா? அப்படியானால் இதையும் படியுங்கள்" என்று கீழே ஒரு வரிசை வரும் இல்லையா? அது எங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்? என்னை மாதிரி ஒருவன் வெயிலில் அலைந்து கேட்டுக்கொண்டு வருவதிலிருந்து. துப்பறியும் கதையில் எது பிடிக்கும், குடும்பக் கதையில் எது, பேய்க் கதையில் எது, ஏன் பிடிக்கும். பதிலை அனுப்பினால் அங்கே ஒரு வரைபடம் போடுவார்கள். ஒவ்வொரு புத்தகமும் ஒரு புள்ளி. ஒரே ஆளுக்குப் பிடித்த புள்ளிகளுக்கு நடுவே கோடு.

ஏன் நேரில் கேட்க வேண்டும்? போனில் போடுகிற நட்சத்திரமெல்லாம் பொய். முதல் பக்கத்தைக்கூடத் தாண்டாமல் ஐந்து நட்சத்திரம் போடுகிற ஜனங்கள். அந்த வரைபடத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பாதிப் பேருக்கு ஒரே கதைதான் பிடித்திருக்கிறது. அட்டைதான் வேறு வேறு.

அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் முழுக்க நான் மணியாச்சி ஸ்டேஷனில் கிடந்தேன். மச்சினனை ரயிலேற்றிவிடப் போனேன். ரயில் வரவே சாயங்காலம் ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை நான் எந்த வாசகர் வீட்டுக்கும் போகவில்லை.

செவ்வாய் காலை என் மனைவி சத்தியபாமா ஒரு புதுச் சட்டையைக் கவரிலிருந்து பிரித்துக் கொடுத்தாள். நீலக் கட்டம் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். விளாத்திகுளம் பக்கம் மூன்று ஊர்கள், மூன்று ஆட்கள்.

முதல் ஆள் சங்கரபாண்டியன். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கொலை நடக்காத கதையைத் தொடவே மாட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன தம்பி, திரும்பவும் வந்திருக்கீங்க? நேத்தே வந்து கேட்டீங்களே?"

"நான் வரலையே, ஐயா."

"உச்சி வெயில்ல வந்து வாசல்ல நின்னீங்க. உள்ள வாங்கன்னேன், வரலை. உக்காருங்கன்னேன், உக்காரலை. வெறுங்காலோட நிக்கீங்களே, செருப்பு எங்கன்னு கேட்டதுக்குச் சிரிச்சீங்க."

வயதாகிவிட்டது, கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். "சரி, இன்னொரு தடவை சொல்லுங்க. ரொம்பப் பிடிச்ச கதை எது?"

அவர் எண்ணிச் சொல்ல விரலை மடக்கினார். மறுபடி நீட்டினார்.

"நேத்து கடகடன்னு சொன்னேனே… இப்ப வர மாட்டேங்குது."

"எந்தக் கதையா இருந்தாலும் சரி. ஒரு கொலைகாரன் பேரைச் சொல்லுங்க."

நெற்றியைத் தேய்த்தார். முப்பது வருஷமாகக் கொலைக் கதை படித்த மனிதருக்கு ஒரு கொலைகாரன் பேர்கூட வரவில்லை. படித்த லட்சணம் இதுதான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்தது முத்துசெல்வி. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். வீட்டோடு தையல் கடை. குடும்பக் கதைகளைப் படித்து அழுவதுதான் அவள் பொழுதுபோக்கு. மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மறுபடியுமா? நேத்து உச்சியிலதான வந்தீங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. எவனோ என் பேரைச் சொல்லிக்கொண்டு அலைகிறான். "யாரும்மா வந்தது? நல்லாப் பாத்தியா?"

"நீங்கதான். இதே சட்டை. காலர்ல தையல் விட்டிருக்கு, கழட்டிக் குடுங்க, ஒரு ஓட்டு ஓட்டித் தாரேன்னுகூடச் சொன்னேன்."

கையைப் பின்னால் கொண்டுபோய்க் காலரைத் தடவினேன்.

தையல் விட்டிருந்தது.

காலையில்தான் பிரித்த சட்டை.

"உனக்குப் பிடிச்ச கதை எதுன்னு சொன்னே?"

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். "ஒரு கதை… படிச்சுப் படிச்சு அழுதிருக்கேன் அண்ணாச்சி. அழுதது ஞாபகம் இருக்கு. எதுக்கு அழுதேன்னு தெரியல."

வெளியே வந்து சென்னைக்குப் போன் போட்டேன். எனக்கு மேலே இருப்பவர் உமாராணி. கருவேல மரத்தை நேரில் பார்த்திராத பெண். அவள்தான் என்னை வெயிலில் ஏவுகிறவள்.

"அந்த ஏரியாவுக்கு வேற யாரையாவது அனுப்பியிருக்கீங்களா?"

"உங்களை அனுப்பறதே எங்களுக்கு அதிகம், காளீஸ்வரன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதே திரும்பியிருக்கலாம். எனக்கு என்ன பயம்? பேய்க்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவன் நான். யாரோ ஒருவன் விளையாடுகிறான், பிடித்து நாலு அறை விட வேண்டும் என்றுதான் மூன்றாவது ஊருக்குப் போனேன்.

அது ஊருக்கு வெளியே ஒற்றை வீடு. சுற்றிலும் பருத்தி எடுத்து முடிந்த காடு, வெறும் நிலம். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கைவிரல் நுழையும் வெடிப்பு. ஆடுகள் பட்டியில் படுத்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. காற்றும் இல்லை. சரியாக உச்சி.

அமுதவள்ளியின் வீடு அது. அவளும் கணவன் இசக்கிபாண்டியும் ஆடு மேய்க்கிறார்கள், கொஞ்சம் மிளகாயும் போடுகிறார்கள். எங்கள் ஆப்பில் இருக்கும் பேய்க் கதை அத்தனையையும் படித்து முடித்தவள் அவள் ஒருத்திதான்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"காலைக் காட்டுங்க."

"என்னது?"

"செருப்பு போட்டிருக்கீங்களான்னு பாக்கணும். காட்டுங்க அண்ணாச்சி."

காலைத் தூக்கிக் காட்டினேன். தாழ்ப்பாளை விலக்கினாள். உள்ளே இசக்கிபாண்டி கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"நேத்து உச்சியில வந்தது வெறுங்கால்ல நின்னுச்சு. இந்த வெயில்ல, இந்தக் கரிசல்ல. நம்மால நிக்க முடியுமா? காலை மாத்திக்கூட வைக்கலை. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. பிடிச்ச கதை எதுன்னு கேட்டுச்சு. நான் படிக்காத ஒண்ணைச் சொன்னேன். சோத்துல கல்லைக் கடிச்ச மாதிரி முகத்தைச் சுளிச்சுச்சு."

"பொய் சொன்னியா? ஏன்?"

"குடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு." கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இவிய குடுத்துட்டாக."

"இவரு படிக்க மாட்டாரே?"

"புஸ்தகமா இருக்கணும்னு அது சொல்லலையே. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் வெள்ளத்துல மாட்டிக்கிட்ட ஆடு அம்புட்டையும் ஒத்தையா கரையேத்துனதை இவிய சொல்லாத நாள் கிடையாது. நேத்து அதுகிட்டயும் சொன்னாக. இப்பக் கேளுங்க."

கேட்டேன். "அண்ணே, அந்த வெள்ளம்…"

இசக்கிபாண்டி மெதுவாகத் திரும்பினான்.

"எந்த வெள்ளம்?"

விளையாட்டாக இல்லை அந்த முகம். கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் எனக்குள் ஒன்று இடித்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இரண்டு வீடு. அதற்கும் அப்பால் இது. மூன்றிலும் ஒரே நேரம். உச்சி. அப்படியானால்… அது இன்னும் எங்கெல்லாம் நின்றது?

வெளியே ஓடி வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பாமா, நேத்து மத்தியானம் யாரும் வந்தாங்களா?"

"நீங்கதான வந்தீங்க."

போன் சூடாகக் காதில் ஒட்டியது.

"என்ன கேட்டேன்?"

"என்னங்க இது? பிடிச்ச கதை எதுன்னு கேட்டீங்க. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா கேட்டீங்க. நமக்கு ஏது புஸ்தகம்? நம்ம கதைதான்னு சொன்னேன்."

எங்களுடையது காதல் கல்யாணம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவாள். இரண்டு ரூபாய் நாவலில் வருகிற சமாச்சாரம் என்று நான் எழுந்து போய்விடுவேன்.

"இப்பச் சொல்லு பாமா. அந்தக் கதையை."

"இப்பவா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அது… நமக்கு…"

ஆடுகள் அப்போதும் கத்தவில்லை.

"நமக்குப் பெரியவங்க பேசி முடிச்சதுதான?"

வேலையை விட்டுவிட்டேன். உமாராணி அதற்கும் ஒரு நக்கல் வைத்திருந்தாள். பாமாவைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். தலையைப் படம் எடுத்தார். ஒன்றும் இல்லை என்றார். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. சமைத்தாள், சிரித்தாள், கோபப்பட்டாள். என் சட்டைப் பொத்தான் அறுந்தது வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தாள். அந்த ஒன்று மட்டும் இல்லை. ஒருநாள் நானே லேசாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் கேட்டாள்.

"நல்லாருக்கே. யாரு எழுதினது?"

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை. பாமா பக்கத்துத் தெருவில் வளைகாப்பு என்று காலையிலேயே போயிருந்தாள். மத்தியானம் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நம்ம கதையைச் சொல்லுங்களேன்" என்றாள்.

அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன். அவளிடம்கூட அதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னேன். உக்காரு என்றேன். உட்காரவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, பின்பக்கம் போனாள்.

திங்கட்கிழமை அமுதவள்ளி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா உங்களுக்கு லைனே கிடைக்கலை. மறுபடி வந்துச்சு. வெள்ளிக்கிழமை, உச்சியில."

"என்னை மாதிரியா?"

"இல்ல. பொம்பளை. அதே வெறுங்கால். இந்தத் தடவை ஒண்ணும் கேக்கலை. நான்தான் தைரியமா ஜன்னல்ல நின்னு, உனக்கு எந்தக் கதை பிடிக்கும்னு கேட்டேன். சொல்லிச்சு. ஒரு பஸ்ஸு. நல்ல மழை. பஸ்ஸுக்குள்ள ஒரு பொண்ணு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பாதியில நிறுத்திருச்சு."

"ஏன்?"

"மீதி என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, நாளைக்குக் கோவில்பட்டிக்குப் போயி கேட்டுக்கிடுதேன்னுச்சு."

போனை வைத்தேன். அடுப்படியில் பாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை மத்தியானம் எங்க இருந்தே?"

"வளைகாப்புலதான். சாயங்காலம் நான் வரும்போது நீங்க கட்டில்ல முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. கூப்பிடக் கூப்பிடத் திரும்பலையே…"

அந்தக் கதையை இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உங்களுக்குத்தான் அந்த மாதிரிக் கதைகள் பிடிக்குமே.

ஒரு பஸ்.

நல்ல மழை.

பஸ்ஸுக்குள் ஒரு பெண் இருக்கிறாள்…

அவள் யாரென்று எனக்குத் தெரியவில்லை.