கூரை ஒழுகிய உயிர்க்கோளம்

அருங்காட்சியகத்தின் உயிர்க்கோளக் கூடத்தில் காடு, புல்வெளி, பாலைவனம், ஏரி, கடல் எல்லாம் உண்டு. உயிர் மட்டும் கிடையாது. அது தப்பித் தவறி உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பினாயில் அக்காவின் வேலை.

கல்யாணமான நாளிலிருந்தே எறும்பு, பல்லி, பாசி, பூசணம் என்று சகலத்தோடும் மல்லுக்கு நின்று பழகிய கை அது. அப்படிப்பட்டவளிடம் இயற்கையை ஒப்படைத்த நிர்வாகத்தின் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! பிளாஸ்டிக் மரங்களை இலை இலையாகத் துடைப்பாள். பஞ்சு அடைத்த மானுக்குக் கண் துடைத்துவிடுவாள். "தண்ணி கேக்காது, சாணி போடாது, சாகாது. காடுன்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று மெச்சிக்கொள்வாள்.

அந்த வருஷ மழையில் கூரை ஒழுகியது. ஒழுகியது சரியாக ஏரியின் மேல். கண்ணாடிபோல் இறுகிக் கிடந்த பொய்த் தண்ணீருக்கு மேல் நிஜத் தண்ணீர் தேங்கி நின்றது. அக்கா இயக்குநரிடம் சொன்னாள். இயக்குநர் பொறியாளருக்கு எழுதினார். பொறியாளர் இன்னும் யாருக்கோ எழுதினார். கடிதங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் பச்சை கட்டியது. பின்கதவு இடுக்கு வழியாக ஒரு தவளை வந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் முட்டையிட்டுவிட்டுப் போனது. சில நாளில் குட்டை முழுக்கத் தலைப்பிரட்டைகள்.

விஷயம் தெரிந்து அக்கா வாளியும் பினாயிலுமாக ஓடிவருவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பணத்தைக் கொட்டிச் செய்த திமிங்கிலத்தைச் சீந்த ஆளில்லை. எல்லாத் தலையும் குட்டையின் மேல்தான். "ஐயோ, நெளியுதுடா!"

இயக்குநர் பார்த்தார். மறுநாளே பலகை வைத்தார்: ‘உயிருள்ள நீர்ச்சூழல் – நமது புதிய முயற்சி.’ கூரையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

"அம்மா, இதுல பினாயில் ஒரு சொட்டு படக்கூடாது. மழை நின்னுட்டா நீங்கதான் மேலயிருந்து தண்ணி விடணும்."

"ஒழுகற மாதிரியா சார்?"

"அதேதான். இயற்கையா இருக்கணும்."

ஏணியில் ஏறி நின்று அக்கா மழையானாள். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள். பிறகு கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த காவலாளியைப் பாதியில் எழுப்பிக் கூட்டிவந்தாள். "ஓடி வாங்க, ஒண்ணுக்குப் பின்னங்கால் வந்திருக்கு!" இப்படிப் பேசியது தன் வாய்தானா என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அமைச்சர் வந்து பார்வையிடுவதாக ஏற்பாடாயிற்று. பூங்கொத்து, மேளம், புகைப்படக்காரர் எல்லாம் தயார். அன்று காலை குட்டையில் ஒரு தவளைகூட இல்லை. இயக்குநருக்கு வேர்த்துக் கொட்டியது.

"காட்சிப் பொருள் எங்கம்மா போச்சு? உங்க பொறுப்புதானே?"

"கால் முளைச்சா யாரு சார் நிப்பாங்க? என் பையனுக்கும் முளைச்சுது. இப்ப எந்த ஊர்ல இருக்கான்னு அவன் போன் பண்ணினாத்தான் எனக்கே தெரியும்."

இந்த விளக்கத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று இயக்குநருக்குப் புரியவில்லை. கூரை மட்டும் அதிசயமாக அந்த வாரமே அடைபட்டது. குட்டையைத் துடைத்த இடத்தில் ரப்பர் தவளைகள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் பூனை அளவு. எல்லாம் சிரித்த முகம்.

அக்கா ஒரு குறையும் சொல்லாமல் அவற்றைத் துடைத்து வைக்கிறாள். மழை பெய்தால் மட்டும் பின்கதவைத் திறந்துகொண்டு போய், சாக்கடை ஓரமாகக் குனிந்து நிற்கிறாள்.

"என்னக்கா தேடுறீங்க?" என்பார் காவலாளி.

"அடைச்சிருக்கான்னு பாக்கறேன்" என்பாள்.